வண்டிப்பேட்டை தாண்டி வருகிறவள்

ஒரு நிலத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் ஒரே நாளில் கருத்துச் சொன்னால் அந்த நிலம் என்ன செய்யும் என்று அதற்கு முன்னால் யாரும் யோசித்ததில்லை. குன்னாங்கல்பாளையத்து வண்டிப்பேட்டை நீண்டது. வெளியே நீளவில்லை, உள்ளுக்குள்ளேயே நீண்டது. கோட்டாட்சியர் வந்து, பந்தலில் உட்கார்ந்து, மைக் வைத்து, இந்தப் பக்கத்தார் கருத்தையும் அந்தப் பக்கத்தார் கருத்தையும் மதியம் முழுக்கக் கேட்டுவிட்டு, மோர் குடித்து ஜீப்பில் ஏறிப் போன அன்றைக்குச் சாயங்காலம், பனியன் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்ட மாராத்தாளின் மகள் சுகந்தி, தினமும் வருகிற அதே ஒற்றையடிப் பாதையில் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள், இன்னும் நடந்துகொண்டிருக்கிறாள்.

கிழக்கே மெயின் ரோடு, மேற்கே எங்கள் காலனி, வடக்கே செண்பகா அவென்யூ, தெற்கே ஓடை, நடுவில் பேட்டை. ஒரு காலத்தில் சந்தைக்கு வந்த மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்ட இடம். மாடும் வண்டியும் போன பிறகு வெறும் பொட்டலாகக் கிடந்தது. ஒரு பீடியைப் பற்றவைத்தால் அது தீர்வதற்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடலாம், அவ்வளவுதான் அதன் அகலம். அது எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் என்றார்கள் அவென்யூக்காரர்கள். அது பேட்டைப் புறம்போக்கு, எங்களுக்குச் சமுதாயக்கூடம் கட்ட வேண்டிய இடம் என்றோம் நாங்கள். வழக்கு கோர்ட்டில் கிடந்தது. கூட்டத்தில் அவர்களில் ஒருவர் இறகுப்பந்து ஆட இடம் வேண்டும் என்றார், ஒருவர் பிள்ளையார் கோவில் என்றார், காலனிப் பையன்கள் பேட்டையில் உட்கார்ந்திருப்பதால் மொட்டைமாடியில் துணி காயப்போடவே பயமாக இருக்கிறது என்றார் ஓர் அம்மாள். அந்த அம்மாள் வீட்டுத் துணியைத் தினமும் மாடியில் காயப்போடுகிறவள் எங்கள் காலனிக்காரிதான், அவளும் பந்தலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. அவென்யூக்காரன் கம்பி வேலி போட்டால் எங்கள் பெண்பிள்ளைகள் ஓடைக்கரை இருட்டில் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்று மைக்கைப் பிடுங்கிக் கேட்டார்கள். அன்றைக்கு இரண்டு தரப்பும் மாறி மாறிச் சொன்ன ஒரே சொல் பாதுகாப்பு.

மாராத்தாள் அன்று வாசலில் குண்டு பல்பைப் போட்டுவிட்டு, பேட்டையின் நடுவில் மஞ்சள் சுடிதாரைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டாள் என்று உள்ளே போய் ரசத்தைச் சூடுபண்ணினாள். திரும்பி வந்து பார்த்தபோதும் மஞ்சள் சுடிதார் நடுவில்தான் இருந்தது. ரசத்தை இறக்கினாள், மறுபடி சூடு பண்ணினாள், மறுபடி இறக்கினாள். விடிந்தபோது சுகந்தி ஓர் அரிசி அளவுக்குத் தெரிந்தாள், தோளில் டிபன் பை ஆட, அவசரமும் இல்லாமல் அலுப்பும் இல்லாமல் இந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள்.

"பேட்டை நீண்டுபோச்சாட்ட இருக்குது," என்றான் எங்கள் காலனித் தலைவர் வெள்ளிங்கிரியின் தம்பி, பல் விளக்கிக்கொண்டே. வெள்ளிங்கிரி நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "நீண்ட எடம் யாருக்குச் சேரும்?" அதே காலையில் அவென்யூவின் நலச்சங்கச் செயலாளர் விசுவநாதன், பாங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வக்கீலுக்குப் போன் போட்டு அதே கேள்வியைக் கேட்டார். இருவருக்கும் ஆச்சரியம் எதுவும் வரவில்லை, கவலைதான் வந்தது.

சர்வேயர் வந்து நான்கு பக்கமும் அளந்தார். ஓர் அடி கூடவில்லை, குறையவில்லை. சங்கிலியின் ஒரு முனையைக் கையில் கொடுத்து ஆளை உள்ளே அனுப்பினார். சங்கிலி தீர்ந்தது, கயிறு கட்டினார்கள், கயிறும் தீர்ந்தது, ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மாராத்தாளின் தம்பி மொபெட்டை எடுத்துக்கொண்டு அக்கா மகளைக் கூட்டிவர உள்ளே போனான். பெட்ரோல் தீர்ந்து, வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, முகமெல்லாம் தாடியோடு நடந்து திரும்பி வந்தான். "எத்தன தூரம் போனாலும் அவ அதே அளவுலதான் தெரியறா அக்கா, கூப்புட்டா காதுல விழுகற தூரமே வர மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு மாராத்தாளின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அதன் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. ஓடைக்கரை வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டோம்.

பழகிக்கொள்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டை ஓரத்தில் வேர்க்கடலை வண்டி நின்றது, வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள், டவுன் பஸ் கண்டக்டர் அந்த இடம் வந்தால் இடது பக்கம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். அவென்யூவின் வாட்ஸாப் குழுவில் பேட்டையில் ஒரு பெண் நடமாட்டம், அனைவரும் கவனமாக இருக்கவும் என்று ஒருவர் போட, அது நம்ம வேலைக்காரம்மா பொண்ணு சார் என்று இன்னொருவர் பதில் போட, முதல் ஆள் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பினார். எங்கள் பக்கத்திலும் சோறு தின்ன அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் சுகந்தி அக்கா வந்துவிடுவாள் என்று பயம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். மாராத்தாள் காதில் விழும்படி மட்டும் சொல்ல மாட்டார்கள், அந்த அளவுக்கு மரியாதை இருந்தது.

அவள் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறாள் என்பது மின்வெட்டு நாட்களில்தான் எங்களுக்குப் புரிந்தது. கரண்டு போய் மாராத்தாளின் பல்பு அணைந்தால், மறுநாள் காலையில் சுகந்தி மெயின் ரோட்டு லாரி விளக்குகளின் பக்கம் விலகிப் போயிருப்பாள், பெற்றவள் வயிற்றில் அடித்துக்கொள்வாள். அப்புறம் அவள் வாசலில் எப்போதும் ஓர் அரிக்கேன் விளக்கும் எரிந்தது. விளக்கு அணையாமல் இருந்த நாட்களில் மகள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தாள். அரிசியாக இருந்தவள் பச்சைமிளகாய் அளவானாள், பிறகு கட்டைவிரல் அளவானாள். மாராத்தாள் தினமும் காலையில் விசுவநாதன் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகும் முன் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி அளந்துபார்ப்பாள். டிபன் பையின் நிறம் தெரிந்த அன்றைக்கு அவள் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "பை தெரியுது பாத்தீங்களா, நீலப் பை, நாந்தான் வாங்கிக் குடுத்தேன்," என்றாள். அன்று நாங்கள் எல்லோருமே சந்தோஷமாக இருந்தோம், பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அவென்யூவில் ஓர் அம்மாளின் தாலிச்சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். பேட்டைக்கு ஓர் உயர்கோபுர விளக்கு வேண்டும் என்று நலச்சங்கம் முடிவு செய்தது. அந்த விளக்கைக் காலனிப் பக்கம் வைத்தால் மாராத்தாள் மகளுக்கும் வழி தெரியுமே என்று சொன்னவர் விசுவநாதனின் மனைவி சியாமளா, நல்ல மனுஷி, அதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. விசுவநாதனும் நல்ல மனுஷர்தான். அவரே செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் மாரியம்மன் கோவில் முன்னால் வந்து நின்று, செலவு முழுக்க நாங்கள் போடுகிறோம், கம்பத்தை உங்கள் எல்லையில் நட மட்டும் சம்மதம் சொல்லுங்கள் என்று கேட்டார்.

காலனி முழுக்கக் கூடி உட்கார்ந்தோம். வெள்ளிங்கிரி எழுந்தார். "கம்பம் அவுங்குளுது. கம்பி அவுங்குளுது. கரண்டு பில்லு அவுங்க பேர்ல வரும். நாளைக்குக் கோர்ட்ல போயி, எங்க வெளக்கு எரியற எடம் எங்க எடமுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அனுபவ பாத்தியமுன்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா?"

எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இந்த மாதிரி நட்ட கம்பங்களாலும் கட்டிய திட்டுகளாலும்தான் எங்கள் அப்பன்மார் கையை விட்டு ஒவ்வொரு இடமாகப் போயிற்று.

மாராத்தாள் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். "அண்ணா, பூமிய நீங்களே வெச்சுக்கங்க. அவுங்க வேணும்னாலும் வெச்சுக்கட்டும். வெளக்கு எம்புள்ளைக்குண்ணா. கட்டவெரலு பெருசுக்கு வந்துட்டா. இன்னுஞ் சித்த வெளிச்சம் இருந்தாப் போதும், வந்துருவா."

"உம்புள்ள எங்க புள்ள இல்லயா?" என்றார் வெள்ளிங்கிரி, கண் கலங்கித்தான் சொன்னார். "ஆனா ஒரு புள்ளைக்காக ஊரு மொத்தமும் பூமிய உட்டுக்குடுக்க முடியுமா மாராத்தா, நீயே சொல்லு."

அவள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். நாங்கள் கை தூக்கினோம். கம்பம் வேண்டாம் என்று தூக்கின கைகள்தான் அதிகம்.

ஆகவே விளக்கு வடக்கே, அவென்யூவின் எல்லையில் வந்தது. கவுன்சிலர் பொத்தானை அழுத்தினார், சுண்டல் கொடுத்தார்கள், அந்தி மறைவதற்குள் பேட்டை முழுக்க வெள்ளையாக வெளிச்சம் அடித்தது, காலனியில் கோழிகள் எழுந்து கூவின. அந்த வெளிச்சத்தில் மாராத்தாளின் குண்டு பல்பு எரிகிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டைவிரலை உயர்த்தியவளுக்கு மகளின் முகம் தெரியவில்லை, ஒரு பக்கத்துக் காதும் பின்னலும்தான் தெரிந்தன. அதற்கடுத்த நாள் முதுகு தெரிந்தது. மாராத்தாள் அன்றைக்கு வேலைக்குப் போனபோது ஒரு பீங்கான் தட்டை உடைத்துவிட்டாள்.

"சாருங்க, சாயங்காலத்துல ஒரே ஒரு மணி நேரம் அந்த வெளக்க அணைச்சு வெக்கோணுமுங்க. எம்புள்ள திரும்பிக்குவா," என்று விசுவநாதனிடம் கேட்டாள்.

"நானா அணைக்க முடியாது மாராத்தா. பொதுக்குழுவுல வெக்கணும். விளக்கு வந்தப்புறம்தான் எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க," என்றார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வைக்கவும் செய்தார். மாராத்தாளுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் வருத்தப்பட்டார்கள். பிறகு அணைக்க வேண்டாம் என்று முடிவானது.

சுகந்தி வேகமாக வந்தாள். அவ்வளவு பெரிய வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறவளுக்கு வேகம் வரத்தானே செய்யும். காலனியிலிருந்து பார்த்தால் பேட்டைக்கு நடுவில் குறுகிக்கொண்டே போன முதுகு, அவென்யூ மாடிகளிலிருந்து பார்த்தால் வளர்ந்துகொண்டே வந்த முகம். வருவதைப் பார்த்துக் கையசைத்த குழந்தைகளைப் பெரியவர்கள் கீழே இறக்கினார்கள். அவள் மேல் அவர்களுக்குப் பயம் இல்லை. அவள் நடந்து வரும் பாதையின் மேல்தான் பயம். ஒருத்தி இந்த வழியாக வந்துவிட்டாள் என்றால் அது வழி ஆகிவிடும், வழி என்று ஆனால் அப்புறம் யாரை வராதே என்று சொல்ல முடியும், என்று நலச்சங்கத்தில் பேசினார்கள். வெள்ளிங்கிரி பேசியதும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் இவர்கள் பேசியபோது எங்களுக்கு ரத்தம் கொதித்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சுற்றுச்சுவர் எழும்பியது. கதவு வைக்கவில்லை. கட்டினவர்கள் எங்கள் காலனிக் கொத்தனார்கள்தான், வேறு யார் கட்டுவார்கள், வேலை என்று கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா.

விசுவநாதன் வீட்டுப் பின்கட்டு அந்தச் சுவரில்தான் முடிகிறது. அங்கே உட்கார்ந்து மாராத்தாள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா? வழி எப்படீங்க?"

மாராத்தாளின் கையிலிருந்து குக்கர் விழுந்து உருண்டது. "சுகந்தி!"

"அம்மாவா? நீ இங்க என்னம்மா பண்ற, இன்னும் வேல முடியலியா?" அதே குரல், கொஞ்சமும் மாறாத குரல். "வேன் இன்னைக்கு லேட்டும்மா. நடக்க நடக்க வீடு வரவே மாட்டேங்குது. சோறு ஆக்கிட்டியா? பசிக்குது."

"ஆக்கிருக்கேன் கண்ணு. ஆக்கி வெச்சுட்டுத்தான் இருக்கேன். அங்கேயே நில்லு, நகராதே, செவுத்துல கைய வெச்சுட்டே நில்லு." அவள் இந்தப் பக்கத்தில் ஈரக்கையை வைத்து, உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா! ஏணி! ஏணி கொண்டாங்கம்மா!"

சியாமளா ஏணியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆனால் அவருக்குப் பின்னாலேயே தெரு முழுக்க வந்துவிட்டது. ஒருவர் ஏணியின் கால்களைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார். ஒருவர் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சுவருக்கு மேலே கொடுக்கலாம் என்றார். ஒருவர் நிஜமாகவே தேம்பி அழுதார், அழுதுகொண்டே, ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். விசுவநாதன் வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல், தீர்ப்பு வரும்வரை யாரும் யார் பக்கமும் எல்லை தாண்டக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது, ஏணி வைத்தால் நீங்களே வழி கொடுத்தது போல ஆகும் என்றார். "பத்து நிமிஷம் மாராத்தா," என்றார் விசுவநாதன். "எல்லாரோட கருத்தையும் ஒரு தடவ கேட்டுட்டு உடனே வெச்சுடலாம்."

அதற்குள் சேதி கேட்டு நாங்களும் ஓடைக்கரை சுற்றி ஓடி வந்து அவென்யூ கேட்டில் முட்டிக்கொண்டு நின்றோம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளிங்கிரி தொண்டை கிழியக் கத்தினார். "ஏணி வெக்காதீங்க! அவ உங்க பக்கம் எறங்குனா, பேட்டை உங்க வழின்னு ஆயிரும்! எங்க புள்ள எங்க பக்கமாத்தான் வரோணும்!"

உள்ளே ஏணியைப் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து இரண்டு பக்கத்தாரும் ஒரே கருத்தைச் சொன்னது அன்றுதான். அது கொடுத்த தெம்பில் ஏணியைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

மாராத்தாள் சுவரில் நகங்களால் பிறாண்டினாள். சுவர் புதுசு, பூச்சு வழவழப்பாக இருந்தது, கால் வைக்க ஓர் இடுக்கு இல்லை. எங்கள் கொத்தனார்கள் கைவேலை சுத்தமாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள் நல்லபடியாக வளர்த்த பெண். யாருக்கும் தன்னால் சங்கடம் வருவது அவளுக்குப் பிடிக்காது.

"சண்டை வேண்டாமுங்க," என்றாள். "அம்மா, நான் நம்ம பக்கமே வந்தர்றேன். நீ வீட்டுக்குப் போயி வெளக்கப் போடு."

"போகாத கண்ணு! போகாத சாமி! நில்லு!"

செருப்புச் சத்தம் கேட்டது. பேட்டையில் சத்தம் எவ்வளவு சீக்கிரம் தூரமாகிவிடும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். சியாமளா யாரையும் கேட்காமல் ஏணியைத் தூக்கிச் சாத்தி ஏறிப் பார்த்தபோது, சுகந்தி ஒரு பச்சைமிளகாய் அளவுக்குத் தெரிந்தாள்.

மாராத்தாள் வீட்டுக்கு ஓடினாள். அந்தி சாய்ந்து உயர்கோபுர விளக்கு எரியத் தொடங்கியதும், குண்டு பல்பையும் அரிக்கேனையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கயிற்றுக்கட்டிலை இழுத்துவந்து வாசலில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். தீ கூரை உயரத்துக்கு எழுந்தது. காலையில் பார்த்தபோது மகளின் முகம் எங்களைப் பார்த்திருந்தது, அரிசி அளவு முகம். அடுத்த நாள் மர பீரோவை எரித்தாள். அதற்கடுத்து ஸ்டூல், உலக்கை, ஜன்னல் சட்டங்கள், சுகந்தியின் கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த புடவைகள். ஒவ்வோர் அந்தியும் அந்த வெள்ளை விளக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக எரிய எதையாவது கண்டுபிடித்தாள்.

தீ ஆபத்து என்று அவென்யூவில் பேசினார்கள். நெருப்புப் பொறி பறந்து காலனியில் யார் வீட்டிலாவது பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நாங்களும் பேசினோம். பிறகு விசுவநாதனும் வெள்ளிங்கிரியும் டீக்கடையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாகச் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள்: குடியிருப்போர் பாதுகாப்பு கருதி வாசலில் தீ மூட்டக் கூடாது, இது குறித்து ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பும் கலந்துகொள்ளும் கருத்துக் கேட்புக் கூட்டம்.

அதை எடுத்துக்கொண்டு வெள்ளிங்கிரி போனபோது, நாங்களும் பின்னால் போய் நின்றோம். மாராத்தாள் வாசல் கதவை நிலையிலிருந்து பெயர்த்துத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். வேப்பங்கதவு, வீட்டில் மிச்சம் இருந்த மரம் அதுதான்.

"அண்ணா, அந்தப் பக்கம் சித்த புடிங்க, கனமா இருக்குது," என்றாள்.

வெள்ளிங்கிரி பிடிக்கவில்லை. தாளை நீட்டினார். அவள் கதவைத் தானே இழுத்து வந்து சாய்த்தாள். தாளை வாங்கினாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாரும் படித்துக் காட்டவும் இல்லை. அதைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் வைத்து அதில்தான் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து செய்த அந்த ஒரே பொருள் நன்றாகப் பிடித்து எரிந்தது, கதவும் பிடித்துக்கொண்டது, தூரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது. அவள் இனி நாளைக்கு எதை எரிப்பாள் என்று யோசித்துக்கொண்டே நாங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம்.